டிபிடிகே சோர்ஸ்ல இருந்து பில்டு பண்றது, கெர்னல் மாட்யூல் லோடு பண்றது: அடிக்கடி வர்ற கேள்விகள்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. கமாண்டு எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன், டெர்மினல்ல அடிக்கிறப்ப அதே உச்சரிப்புக்கு இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க. அப்புறம், முக்காவாசிப் பேர் மாட்டிக்கிறது ஒரே இடத்துலதான். ஏதோ 2015ல எழுதின கைடை பக்கத்துல திறந்து வச்சுகிட்டு இன்னிக்கு டவுன்லோடு பண்ணின சோர்ஸை பில்டு பண்ணப் பாக்குறாங்க. டிபிடிகேங்கறது (டேட்டா ப்ளேன் டெவலப்மென்ட் கிட்) நெட்வொர்க் பேக்கெட்டை வேகமா கையாள்ற ப்ரோக்ராம் எழுத ஒரு டூல்கிட், அதுல நடுவுல பில்டு முறையே மாறிடுச்சு, கெர்னல் மாட்யூல் (கெர்னலுக்குள்ள சொருகுற துண்டு கோடு) இடம் மாறிடுச்சு, ஒரு மாட்யூல் செத்தே போச்சு. கீழ இருக்கிற பாதி கேள்விக்கு பதில் அதுதான்.

கே: டிபிடிகேன்னா என்ன? பேக்கெட்டைத்தான் கெர்னல் பாத்துக்குதே, இது எதுக்கு?

ஒரு சின்ன கணக்கு போட்டா புரிஞ்சிடும். 10 கிகாபிட் லைன்ல 64 பைட் பேக்கெட்டா நிரப்பி அனுப்பினா செகண்டுக்கு கிட்டத்தட்ட 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பேக்கெட் வரும். ஒரு பேக்கெட்டுக்கு உங்களுக்கு கிடைக்கிற நேரம் 67.2 நானோசெகண்ட். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியூல அது சுமார் 200 சைக்கிள், அவ்வளவுதான். கேஷ்ல இல்லாம ஒரு தடவை ராம் வரைக்கும் போய்ட்டு வந்தாலே அந்த நேரம் ஏறக்குறைய காலி. இதுல இன்டரப்ட், சிஸ்டம் கால், கெர்னல்ல இருந்து யூசர் ஸ்பேஸுக்கு காப்பி இதெல்லாம் சேந்தா ஒரு கோர்ல எங்க இருந்து முடியும்? அதனால டிபிடிகே என்ன பண்ணுதுன்னா நெட்வொர்க் கார்டை கெர்னல் கையில இருந்து பிடுங்கி நேரா உங்க ப்ரோக்ராம் கையில குடுத்துடுது, உங்க ப்ரோக்ராம் "வந்துச்சா வந்துச்சா"ன்னு கார்டையே பாத்துகிட்டு சுத்தும்.

இன்டெல்ல 2010 வாக்குல ஆரம்பிச்ச வேலை இது. வெங்கி வெங்கடேசன்னு ஒரு இன்ஜினியர், டிபிடிகேவோட அப்பான்னே அவரைச் சொல்வாங்க, 2018ல தவறிட்டார். 2013ல 6விண்ட் கம்பெனி ஓப்பன் சோர்ஸ் தளத்தை ஆரம்பிச்சாங்க, 2017ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ போச்சு. லைப்ரரி எல்லாம் பிஎஸ்டி லைசென்ஸ், கெர்னல் பக்கம் போற கோடு மட்டும் ஜிபிஎல்.

கே: எந்த வெர்ஷனை எடுக்கிறது?

வெர்ஷன் நம்பர் வருஷமும் மாசமும்தான், 23.11னா 2023 நவம்பர். நவம்பர்ல வர்றதுதான் எல்டிஎஸ், அதாவது ரொம்ப நாளைக்கு திருத்தம் வர்ற ரிலீஸ், அதை எடுங்க. அதுலயும் கடைசியா வந்த ஸ்டேபிள் புள்ளி ரிலீஸை எடுங்க. டெவலப்பர்கள் கோடு வச்சிருக்கிற கிட் ரெப்போவுல இருந்து மெயின் ப்ராஞ்சை இழுத்து பில்டு பண்றது பேட்ச் அனுப்புறவங்களுக்கு, முதல் தடவை பண்றவங்களுக்கு இல்ல.

கே: மேக் அடிச்சேன், "டார்கெட் இல்ல"ன்னு வருது.

பழைய கைடு! மேக் வச்சு பில்டு பண்றது 20.11 ரிலீஸோட தூக்கியாச்சு. இப்ப மெசான், நிஞ்சாங்கற ரெண்டு பில்டு டூல்தான். சோர்ஸை அவிழ்த்து அந்த ஃபோல்டருக்குள்ள போய் மெசான் செட்டப் பில்டு, அப்புறம் பில்டு ஃபோல்டருக்குள்ள போய் நிஞ்சா, கடைசியா ரூட்டா மெசான் இன்ஸ்டால், அதுக்கப்புறம் மறக்காம எல்டிகான்ஃபிக் (புது லைப்ரரியை சிஸ்டத்துக்கு காட்டுறது). நாலே கமாண்டு. "ஆர்டிஇ டார்கெட்"னு என்விரான்மென்ட் வேரியபிள் செட் பண்ணச் சொல்ற எந்த பக்கமா இருந்தாலும் அதை அப்படியே மூடிடுங்க, மேல படிக்காதீங்க.

கே: பில்டுக்கு முன்னாடி என்னென்ன போட்டு வைக்கணும்?

ஜிசிசி இல்லன்னா க்ளாங், பைத்தான் 3, மெசான், நிஞ்சா, பைஎல்ஃப்டூல்ஸ், நூமா லைப்ரரியோட டெவலப்மென்ட் பேக்கேஜ். டிஸ்ட்ரோ பழசா இருந்தா அதோட மெசான் பத்தாது, பிப் வழியா புதுசு போட்டுக்கங்க. "எல்ஃப்டூல்ஸ்ங்கற பைத்தான் மாட்யூல் காணோம்"னு மெசான் நின்னா பைஎல்ஃப்டூல்ஸ் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். போட்டுட்டேன் இன்னும் அதே எரர்னு சொல்றவங்க, மெசான் எந்த பைத்தானை பிடிச்சிருக்குன்னு பாருங்க, நீங்க வெர்ச்சுவல் என்விரான்மென்ட்ல போட்டிருப்பீங்க அது சிஸ்டம் பைத்தான்ல தேடிகிட்டிருக்கும்.

கே: எல்லாம் எரர் இல்லாம முடிஞ்சுது, ஆனா என் கார்டுக்கு டிரைவரே பில்டு ஆகல.

இது ஒரு நாள் முழுக்க தின்னுடும், ஏன்னா எங்கயும் எரர் வராது. டிபெண்டன்சி இல்லன்னா மெசான் அந்த டிரைவரை சத்தமில்லாம விட்டுட்டு போய்டும். மெசான் செட்டப் ஓடி முடிஞ்ச உடனே கடைசில ஒரு லிஸ்ட் போடும், எது எனேபிள் ஆச்சு, எது ஸ்கிப் ஆச்சு, ஏன் ஸ்கிப் ஆச்சுன்னு. அதை யாரும் படிக்கிறதில்ல. படிங்க. மெல்லனாக்ஸ் கார்டு வச்சிருந்து ஐபிவெர்ப்ஸ் டெவலப்மென்ட் பேக்கேஜ் போடலன்னா இப்படித்தான் ஆகும், பீகேப் (பேக்கெட் கேப்சர்) டிரைவருக்கும் இதே கதைதான்.

கே: என் மெஷின்ல பில்டு பண்ணினதை சர்வர்ல கொண்டு போய் போட்டா ஸ்டார்ட் ஆகும்போதே சாகுது.

சாதாரணமா மெசான் நேட்டிவா பில்டு பண்ணும், அதாவது பில்டு பண்ற சிபியூல என்னென்ன இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கோ அத்தனையும் யூஸ் பண்ணிக்கும். உங்க டெஸ்க்டாப் புதுசு சர்வர் பழசுன்னா சிபியூ முழிக்கும். மெசான் செட்டப்ல பிளாட்ஃபார்ம் ஆப்ஷனை ஜெனரிக்னு குடுத்து முதல்ல இருந்து பில்டு பண்ணுங்க.

கே: இன்ஸ்டால் ஆச்சு, ஆனா பிகேஜி கான்ஃபிக் (லைப்ரரி எங்க இருக்குன்னு சொல்ற டூல்) லிப்டிபிடிகே இல்லைங்குது.

யூஎஸ்ஆர் லோக்கல் கீழ போயிருக்கும். ஃபெடோரா, ரெட்ஹேட் வகையறாவுல லிப்64 ஃபோல்டர்ல விழும், அங்க பிகேஜி கான்ஃபிக் தானா தேடாது, பாத்தை நீங்க காட்டணும், எல்டிகான்ஃபிக்குக்கும் அதே மாதிரி சொல்லணும்.

கே: ஹ்யூஜ்பேஜ் கட்டாயமா? எவ்வளவு ஒதுக்கணும்?

நிஜ கார்டு வச்சு ஓட்றதுக்கு ஆமா. மெமரியை கெர்னல் பேஜுங்கற துண்டாத்தான் பிரிக்கும், சாதாரண பேஜ் 4 கேபி, ஹ்யூஜ்பேஜ் 2 எம்பி இல்லன்னா 1 ஜிபி. பேக்கெட் பஃபர் பூல் பெருசு, அதை 4 கேபி துண்டா வச்சா சிபியூவோட டிஎல்பில (தேடின அட்ரஸை ஞாபகம் வச்சுக்கிற சின்ன கேஷ்) இடம் பத்தாது, ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் அட்ரஸ் தேடியே நேரம் போய்டும், அந்த 67 நானோசெகண்டை ஞாபகம் வச்சுக்கங்க. டிபிடிகே கூடவே ஹ்யூஜ்பேஜுக்குன்னு ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் வருது, செட்டப் 2ஜின்னு குடுத்தா ஒதுக்கி மவுண்டும் பண்ணிடும். விளையாடிப் பாக்க அதுவே தாராளம். 1 ஜிபி பேஜ் வேணும்னா க்ரப்ல (பூட் லோடர்) கெர்னல் வரியில போட்டு ரீபூட் பண்றதுதான் நம்பிக்கையான வழி, மெஷின் ரொம்ப நேரம் ஓடினதுக்கு அப்புறம் கேட்டா ராம் துண்டு துண்டா ஆயிருக்கும், ஒட்டின மாதிரி 1 ஜிபி எங்க கிடைக்கும். ப்ராக் மெம்இன்ஃபோவுல ஹ்யூஜ்பேஜ் ஃப்ரீங்கற வரியில சைபர் இருந்தா முந்தின தடவை ஓடின ப்ராசஸ் இன்னும் பிடிச்சு வச்சிருக்கு இல்லன்னா ஒதுக்கவே இல்ல, ரெண்டுல ஒண்ணு.

இன்னொண்ணு, ரெண்டு சாக்கெட் சர்வர்னா கார்டு எந்த நூமா நோடுல (ஒரு சிபியூவும் அது பக்கத்து ராமும் சேந்தது) இருக்கோ அந்த நோடுல ஹ்யூஜ்பேஜ் இருக்கணும். மொத்தமா 4 ஜிபி இருக்குன்னு காட்டும், எல்லாம் அந்தப் பக்கம் கிடக்கும்.

கே: கடைசியா விஷயத்துக்கு வருவோம். எந்த கெர்னல் மாட்யூலை லோடு பண்ணணும்?

கார்டை கெர்னல்கிட்ட இருந்து வாங்கி உங்க ப்ரோக்ராமுக்கு குடுக்கிற மாட்யூல், மூணு பேர் இருக்காங்க. விஎஃப்ஐஓ பிசிஐ, யூஐஓ பிசிஐ ஜெனரிக், ஐஜிபி யூஐஓ. முதல் ரெண்டும் கெர்னல் கூடவே வர்றது, நீங்க ஒரு வரி கூட கம்பைல் பண்ண வேண்டாம். மூணாவதுதான் பழைய கைடுல எல்லாம் இருக்கிறது, 20.11ல அதை மெயின் சோர்ஸ்ல இருந்து எடுத்து டிபிடிகே கேமாட்ஸ்னு தனி ரெப்போவுல போட்டுட்டாங்க.

என் பதில்: விஎஃப்ஐஓ பிசிஐ. மோட்ப்ரோப் (மாட்யூலை லோடு பண்ற கமாண்டு) விஎஃப்ஐஓ பிசிஐ, முடிஞ்சுது. அப்புறம் டிபிடிகே கூட வர்ற டெவ்பைண்ட் ஸ்க்ரிப்ட் வச்சு கார்டை அந்த மாட்யூல்கிட்ட ஒப்படைக்கணும், அதைத்தான் பைண்ட்னு சொல்றது. விஎஃப்ஐஓ பிசிஐ ஐஓஎம்எம்யூவை (கார்டு எந்த மெமரியை தொடலாம்னு காவல் காக்கிற ஹார்டுவேர்) வச்சு வேலை செய்யுது, அதாவது கார்டு உங்க ப்ரோக்ராமோட மெமரியைத் தவிர வேற எங்கயும் கை வைக்க முடியாது. யூஐஓல அந்தக் காவல் இல்ல, கோடுல ஒரு தப்பான அட்ரஸ் குடுத்தீங்கன்னா கார்டு டிஎம்ஏ வழியா (சிபியூ இல்லாம நேரா மெமரில எழுதுறது) கெர்னல் மெமரி மேலயே எழுதிட்டுப் போய்டும், மெஷின் எப்ப எதுக்கு தொங்குச்சுன்னு ஜென்மத்துக்கும் தெரியாது. செக்யூர் பூட் (சைன் பண்ணாத கோடை பூட்ல விடாத காவல்) ஆன்ல இருந்தா கெர்னல் யூஐஓவை அனுமதிக்காமயே போகலாம்.

யூஐஓ பிசிஐ ஜெனரிக் பழைய மாதிரி இன்டரப்ட் லைன் இருக்கிற கார்டுக்குத்தான், எஸ்ஆர்ஐஓவி வெர்ச்சுவல் ஃபங்ஷனுக்கு (ஒரே கார்டை பல கார்டா பிரிச்சுக் காட்டுறதுல ஒரு துண்டு, சுருக்கமா விஎஃப்) அது கிடையாது, அதனால விஎஃப்ல பைண்டே ஆகாது. உபுண்டுல மோட்ப்ரோப் பண்ணா "மாட்யூல் காணோம்"னு வந்தா லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா பேக்கேஜ் போடாம இருப்பீங்க.

கே: விஎஃப்ஐஓல பைண்ட் பண்ணா ஃபெயில் ஆகுது, டிமெசேஜ்ல (கெர்னல் லாக்) மைனஸ் 22ன்னு இருக்கு.

ஐஓஎம்எம்யூ ஓடலை. முதல்ல பயாஸ்ல விடி-டி (இன்டெல்ல ஐஓஎம்எம்யூவுக்கு பேரு) ஆன்ல இருக்கான்னு பாருங்க, அப்புறம் க்ரப்ல இன்டெல் ஐஓஎம்எம்யூ ஆன், கூடவே ஐஓஎம்எம்யூ பிடி, அப்டேட் க்ரப், ரீபூட். சிஸ் கெர்னல் கீழ ஐஓஎம்எம்யூ க்ரூப்ஸ் ஃபோல்டர் காலியா இருந்தா இன்னும் ஆன் ஆகலன்னு அர்த்தம். பல பேர் க்ரப் ஃபைலை எடிட் பண்ணிட்டு அப்டேட் க்ரப் அடிக்காம ரீபூட் பண்றாங்க, நானும் பண்ணிருக்கேன், அதனால சிரிக்கல.

விஎம்க்குள்ள ஐஓஎம்எம்யூவே இல்லன்னா விஎஃப்ஐஓ மாட்யூலுக்கு நோ-ஐஓஎம்எம்யூ மோடுன்னு ஒண்ணு இருக்கு, கெர்னல் 4.5ல வந்தது. அந்த பாராமீட்டர் பேர்லயே அன்சேஃப்னு வச்சிருக்காங்க. லேப்ல ஓகே.

கே: பைண்ட் ஆச்சு, ஆனா "க்ரூப் வயபிள் இல்ல"ன்னு சொல்லுது.

ஐஓஎம்எம்யூ கார்டு கார்டா பிரிக்காது, க்ரூப் க்ரூப்பா பிரிக்கும். உங்க ரெண்டு போர்ட் கார்டுல ரெண்டு போர்ட்டும் ஒரே க்ரூப்ல இருந்து, ஒண்ணை விஎஃப்ஐஓகிட்ட குடுத்துட்டு இன்னொண்ணை கெர்னல் டிரைவர்கிட்டயே விட்டா ஒத்துக்காது. ஒரே வீட்டுச் சாவியை ரெண்டு பேருக்கு குடுக்க முடியாதில்ல. க்ரூப்ல இருக்கிற எல்லாத்தையும் பைண்ட் பண்ணுங்க, இல்லன்னா கார்டை வேற ஸ்லாட்ல மாத்தி பாருங்க.

ரூட் இல்லாம ஓட்றவங்க மெமரி மேப்பிங் ஃபெயில்னு வந்தா மெம்லாக் லிமிட்டை (ஒரு ப்ராசஸ் ராம்ல பூட்டி வைக்கிற மெமரி அளவு) ஏத்துங்க.

கே: இல்ல சார், எனக்கு ஐஜிபி யூஐஓதான் வேணும், வேற வழியில்ல. எப்படி பில்டு பண்றது?

பழைய ப்ராடக்டை தாங்கிப் பிடிக்கிறவங்க நிலைமை புரியுது. கேமாட்ஸ் ரெப்போவை க்ளோன் பண்ணி லினக்ஸ் ஃபோல்டருக்குள்ள ஐஜிபி யூஐஓ ஃபோல்டருக்கு போய் மேக் அடிங்க. ஆமா, இங்க மட்டும் இன்னும் மேக்தான், ஏன்னா இது கெர்னலோட பில்டு முறை. இதுல வர்ற தகராறு பெரும்பாலும் இந்த நாலுக்குள்ள அடங்கிடும்.

லிப் மாட்யூல்ஸ் கீழ பில்டு ஃபோல்டர் இல்லைன்னு நின்னா ஓடிட்டிருக்கிற கெர்னலோட ஹெடர்ஸ் போடல. யூநேம் மைனஸ் ஆர் என்ன சொல்லுதோ அதே நம்பர் ஹெடர் வேணும், கிட்டத்தட்ட அதே நம்பர்னா ஆகாது. அப்டேட் போட்டுட்டு ரீபூட் பண்ணாம இருந்தா டிஸ்க்ல புது ஹெடர், மெமரில பழைய கெர்னல், அப்பவும் இப்படி வரும்.

"இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்"னு வந்தா வேற கெர்னலுக்கு பில்டு பண்ணின மாட்யூல். மோட்இன்ஃபோ அடிச்சு வெர்மேஜிக் வரியையும் யூநேமையும் ஒப்பிட்டு பாருங்க. மோட்ப்ரோப்ல ஃபோர்ஸ் குடுத்து உள்ள தள்ளலாமான்னு கேக்காதீங்க. கெர்னல் டேட்டா ஸ்ட்ரக்சர் ஒரு ஃபீல்டு தள்ளி இருந்தா போதும், ஆட்டம் க்ளோஸ்.

"அன்நோன் சிம்பல்"னு வந்து டிமெசேஜ்ல யூஐஓன்னு ஆரம்பிக்கிற பேரா இருந்தா முதல்ல மோட்ப்ரோப் யூஐஓ பண்ணுங்க, அப்புறம் இன்ஸ்மாட். இன்ஸ்மாட் நீங்க காட்டுற ஃபைலை மட்டும் உள்ள தள்ளும், அதுக்கு முன்னாடி எது வேணும்னு பாக்காது. அதைப் பாக்குறது மோட்ப்ரோப், ஆனா அதுக்கு மாட்யூல் லிப் மாட்யூல்ஸ் கீழ இருக்கணும், டெப்மாட்டும் ஓடியிருக்கணும்.

"கீ ரிஜெக்டட்" இல்லன்னா "ரெக்வயர்டு கீ நாட் அவைலபிள்"னு வந்தா செக்யூர் பூட் வேலை. நீங்க சொந்தமா ஒரு கீ ஜோடி உருவாக்கி, மாட்யூலை கெர்னலோட சைன் ஃபைல் டூல் வச்சு சைன் பண்ணி, மோக்யூடில் வழியா பப்ளிக் கீயை இம்போர்ட் பண்ணி ஒரு பாஸ்வேர்டு குடுத்து ரீபூட் பண்ணணும், பூட் ஆகறப்ப ஒரு நீலக்கலர் ஸ்க்ரீன் வரும், அதுல அதே பாஸ்வேர்டை அடிச்சு கீயை சேக்கணும். அந்த ஸ்க்ரீன் சில செகண்ட்தான் நிக்கும். மெஷின் முன்னாடி ஆள் இருக்கணும், இல்ல ரிமோட் கன்சோல் இருக்கணும். அவ்வளவு பண்ணினதுக்கு அப்புறமும் லாக்டவுன் மோடு யூஐஓவை மறிச்சா திரும்ப விஎஃப்ஐஓகிட்டதான் வரணும், அதை முதல்லயே பண்ணிருக்கலாம்.

கெர்னல் அப்டேட் ஆகுறப்ப எல்லாம் திரும்ப பில்டு பண்ணணும். டிகேஎம்எஸ்ல போட்டு வச்சா அது தானா பாத்துக்கும்.

கே: பைண்ட் பண்ணினேன், எஸ்எஸ்ஹெச் கட் ஆச்சு. சர்வர் போச்சா?

சர்வர் நல்லா இருக்கு, நீங்கதான் வெளியில நிக்கிறீங்க. லாகின் பண்ணியிருந்த கார்டையே கெர்னல்ல இருந்து பிடுங்கிட்டீங்க. டெவ்பைண்ட் ஸ்க்ரிப்ட் இதை தடுக்கத்தான் பாக்கும், ரவுட்டிங் டேபிள்ல அந்த இன்டர்ஃபேஸ் இருந்தா "ஆக்டிவா இருக்கு, தொடமாட்டேன்"னு எச்சரிச்சுட்டு விட்டுடும். ஆனா நாம ஃபோர்ஸ் குடுப்போம்ல. நான் ஒரு தடவை 0000:03:00.0ன்னு அடிக்கிறதுக்கு பதிலா 0000:02:00.0ன்னு அடிச்சு, எச்சரிக்கை வந்ததை ஏதோ வழக்கமான புலம்பல்னு நினைச்சு ஃபோர்ஸ் போட்டேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரிமோட் கன்சோல் லைசென்ஸ் இல்லாத சர்வர். பைக்கை எடுத்துகிட்டு போய் பவர் பட்டனை அமுக்கிட்டு வந்தேன். பைண்டிங் ரீபூட்ல மறைஞ்சிடும்ங்கறது அன்னிக்கு வரமா இருந்துச்சு.

அதனால முதல்ல டெவ்பைண்ட் ஸ்டேட்டஸ் போட்டு எந்த அட்ரஸ்ல எந்த இன்டர்ஃபேஸ்னு பேப்பர்ல எழுதிக்கங்க.

கே: எனக்கு அந்த வரம் வேண்டாம், ரீபூட் ஆனாலும் பைண்டிங் நிக்கணும்.

டிரைவர்சிடிஎல்னு ஒரு டூல், அதுல செட் ஓவர்ரைடு குடுங்க. மாட்யூலை மட்டும் பூட்ல லோடு பண்ணா போதும்னா மாட்யூல்ஸ் லோடு டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல் போட்டு அதுல பேரை எழுதுங்க.

கே: மெல்லனாக்ஸ் கார்டை விஎஃப்ஐஓல பைண்ட் பண்ணேன், டிபிடிகே கார்டே இல்லைங்குது.

பண்ணக்கூடாது. எம்எல்எக்ஸ்5 டிரைவர் கெர்னல் டிரைவரோட சேந்தே ஓடும், கார்டு கெர்னல்கிட்டயே இருக்கட்டும், பைண்ட் வேலையே இல்ல. எஸ்எஸ்ஹெச்சும் கட் ஆகாது, பைக் பயணமும் மிச்சம்.

கே: கேஎன்ஐ மாட்யூல் எங்க?

23.11ல தூக்கிட்டாங்க. பேக்கெட்டை திரும்ப கெர்னலுக்கு குடுக்கணும்னா விர்ட்டியோ யூசர் இல்லன்னா டேப் டிரைவர் யூஸ் பண்ணுங்க, தனி மாட்யூல் கம்பைல் பண்ற தலைவலி இல்ல.

கே: டெஸ்ட்பிஎம்டி (டிபிடிகே கூட வர்ற டெஸ்ட் ப்ரோக்ராம்) ஓடுது, ஒரு கோர் 100 சதவீதத்துல நிக்குது. பக்கா?

பக்காதான். பேக்கெட் வந்தாலும் வராட்டியும் சுத்திகிட்டே இருக்கிறதுதான் போல் மோடுங்கறது. லேப்டாப்ல ஃபேன் கத்தும்.

கே: என்கிட்ட சப்போர்ட் ஆகுற கார்டே இல்ல, கத்துக்க மட்டும்தான் ஆசை.

தாராளமா கத்துக்கலாம். நோ ஹ்யூஜ், நோ பிசிஐ ஆப்ஷன் குடுத்து, வீடெவ்ல (போலி கார்டு குடுக்கிற ஆப்ஷன்) நெட் நல் இல்லன்னா நெட் பீகேப் குடுத்தா மாட்யூலும் வேண்டாம் ஹ்யூஜ்பேஜும் வேண்டாம், சும்மா லேப்டாப்லயே ஓடும். பீகேப்ல ஒரு கேப்சர் ஃபைலை உள்ள குடுத்து வெளிய வர்றதை இன்னொரு ஃபைல்ல எழுத வைக்கலாம், எல்2 ஃபார்வர்டு மாதிரி எக்ஸாம்பிள் எல்லாம் இப்படி ஓட்டிப் பாத்தாலே கோடு புரிஞ்சிடும். ஸ்பீடு மட்டும் இதுல அளக்காதீங்க.

கே: உண்மையைச் சொல்லுங்க, எனக்கு இது தேவையா?

செகண்டுக்கு சில லட்சம் பேக்கெட்தான்னா தேவையில்ல. கெர்னல் நல்லாவே பண்ணும். அதுக்கு மேல போனாலும் ஏஎஃப் எக்ஸ்டிபின்னு ஒரு வழி கெர்னல் 4.18ல இருந்து இருக்கு, கார்டு கெர்னல் கையிலயே இருக்கும், ஐபி கமாண்டு எல்லாம் பழையபடி இருக்கும். டிபிடிகேகிட்ட கார்டை குடுத்த நிமிஷம் அந்த இன்டர்ஃபேஸ் லிஸ்ட்லயே காணாமப் போய்டும், பிங்குக்கு பதில் சொல்ற கோடு கூட நீங்கதான் எழுதணும். ஏஆர்பியும்தான்.

கே: விளையாடி முடிச்சாச்சு, கார்டை திரும்ப கெர்னல்கிட்ட எப்படி குடுக்கிறது?

டெஸ்ட்பிஎம்டில க்விட். அப்புறம் அதே டெவ்பைண்ட், பைண்ட் ஆப்ஷன்ல பழைய டிரைவர் பேரு. 82599 கார்டுன்னா ஐஎக்ஸ்ஜிபிஇ, எக்ஸ்710ன்னா ஐ40இ. பழைய டிரைவர் பேரு ஞாபகம் இல்லன்னா ஸ்டேட்டஸ்ல அந்த கார்டு வரியோட கடைசில "அன்யூஸ்டு"ன்னு போட்டு காட்டும். பைண்ட் ஆனதும் இன்டர்ஃபேஸ் டவுன்ல இருக்கும், ஐபி லிங்க் வழியா அப் பண்ணி அட்ரஸ் திரும்ப போட்டுக்கங்க.